பொலிஸ் எடுத்த துவக்கு திரும்ப வருமா? திருமலையில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

தம்பலகாமம், கந்தளாய், மூதூர், குச்சவெளிப் பக்கம் வயல் செய்யிற ஆக்களோட கதைக்கேக்க ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருது, லைசென்ஸ் துவக்க பொலிஸ் எடுத்திட்டுப் போனா என்ன செய்யிறது, யாரிட்டப் போறது எண்டு. அதோட வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் வேற அமெரிக்காவில சிவில் உரிமை லோயர்மார் துவக்குக்காரருக்காக கேஸ் பேசுறாங்க எண்டு செய்தி அனுப்புறாங்க, அது எப்பிடி, மனித உரிமை ஆக்களுக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்கிறாங்க. ரெண்டையும் சேர்த்து இதில எழுதுறன். நான் லோயர் இல்ல. உங்கட கேஸுக்கு ஒரு லோயரக் கட்டாயம் பாருங்க.

துவக்கு வச்சிருக்கிறவனுக்காக சிவில் உரிமை ஆக்கள் ஏன் நிக்கணும்?

துவக்குக்காக இல்ல. பொலிஸ் ஒரு சாமான உங்கட வீட்டில இருந்து எடுத்திட்டுப் போனா, எதுக்கு எடுத்தது, எந்தச் சட்டத்தில எடுத்தது, எப்ப திருப்பித் தரும், தராட்டி எந்த நீதவான் அதப் பார்த்து முடிவெடுப்பார், இந்த நாலு கேள்விக்கும் பதில் இருக்கணும். அந்தச் சாமான் துவக்கா இருந்தாலும் சரி, மோட்டச்சைக்கிளா, வள்ளமா, போனா இருந்தாலும் சரி. துவக்கு எண்டு சொன்ன உடன யாரும் பக்கத்தில வந்து நிக்க மாட்டாங்க, சொந்தக்காரரே ஒதுங்கிடுவாங்க, அதனாலதான் இந்த விஷயத்தில ஆரும் கேக்காம விடுற பழக்கம் சுகமா வருது. இண்டைக்கு துவக்குக்காரனிட்ட துண்டில்லாம, அதாவது ரசீது குடுக்காம, எடுத்துப் பழகினா நாளைக்கு மீன்பிடிக்காரன்ட எஞ்சினையும் அப்பிடித்தான் எடுப்பாங்க.

என்னப் பொறுத்தவரை எல்லாத்துக்கும் அடியில இருக்கிற கேள்வி ஒண்டுதான்: கோட்டுக்குப் போக வேண்டியது யார்? எடுத்தவரா, பறிகுடுத்தவரா? கீழ சொல்லப்போற எல்லாக் கதையிலயும் இதத்தான் பார்க்கணும்.

அமெரிக்காவில அப்பிடி என்ன கேஸ் நடந்தது?

கனிக்லியா எதிர் ஸ்ட்ரொம் எண்டு ஒரு கேஸ். ரோட் ஐலண்ட் மாநிலத்தில கிரான்ஸ்டன் எண்ட ஊர், 2015 ஆகஸ்ட். புருஷன் பொஞ்சாதி சண்டை. அவர் குண்டு போடாத கைத்துவக்க மேசையில வச்சு, சுட்டு இதோட முடிச்சுவிடு எண்ட மாதிரி மனுசியிட்டச் சொல்லியிருக்கிறார். மனுசி இரவு ஹோட்டல்ல தங்கிட்டு, அடுத்த நாள் அவருக்கு ஏதும் ஆயிட்டோ எண்டு பயந்து பொலிசக் கூப்பிட்டா. பொலிஸ் வந்து கதைச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய் மனநிலைய சோதிச்சுக்கொள்ளுங்க எண்டு கேட்க, துவக்குகள எடுக்க மாட்டம் எண்டா வாறன் எண்டு அவர் போனார். அவர் அம்புலன்ஸ்ல ஏறிப் போன பிறகு பொலிஸ் வீட்டுக்குள்ள போய் துவக்குகள எடுத்திட்டுது. வாரண்டு இல்ல.

பொலிஸ் சொன்ன நியாயம் என்னெண்டா, நாங்க குற்றம் விசாரிக்கப் போகல, சனத்தின்ட நலனப் பார்க்கத்தான் போனம் எண்டது. 1973 இல ஒரு காரைச் சோதிச்ச கேஸில அந்த நியாயத்த உச்ச நீதிமன்றம் ஏத்துக்கொண்டிருந்தது. கீழ் கோட்டுகளும் பொலிஸ் பக்கம்தான் நிண்டுது. ஆனா 2021 மே 17 ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தில ஒன்பது நீதியரசரும் ஒரே முடிவு, கார் வேற வீடு வேற, நலன் பார்க்கிறம் எண்டு சொல்லி வாரண்டு இல்லாம வீட்டுக்குள்ள போக ஏலாது எண்டு. தீர்ப்பு வெறும் நாலு பக்கம்தான்.

இதில என்னக் கவர்ந்தது வேற ஒண்டு. அந்த மனுசனுக்கு ஆதரவா அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன், சுருக்கமா ஏசிஎல்யூ, அது இடதுசாரிப் பக்கம் எண்டு பேர் எடுத்த அமைப்பு, அதுவும் கேட்டோ இன்ஸ்ரிரியூட் எண்ட சுதந்திரச் சந்தைக்கார அமைப்பும் ஒரே பக்கத்தில நிண்டு நீதிமன்றத்துக்கு எழுதிக் குடுத்தாங்க. மற்ற எல்லா விஷயத்திலயும் முட்டிக்கொள்ளுற ஆக்கள், வீட்டுக் கதவு எண்டு வரேக்க ஒண்டா நிண்டிருக்கிறாங்க.

எடுத்தத திருப்பித் தராம வச்சிருந்த கேஸ் ஏதும் இருக்கா?

இருக்கு, அதுவும் அதே ரோட் ஐலண்ட்தான். நோர்த் ஸ்மித்ஃபீல்ட் எண்ட சின்ன ஊர். 2008 இல ஒருத்தர் தன்னத்தானே ஏதும் செய்துபோடுவார் எண்ட பயத்தில பொலிஸ் அவரின்ட துவக்குகள எடுத்தது. அவர் மேல குற்றச்சாட்டு ஒண்டும் இல்ல. பிறகு திருப்பித் தாங்க எண்டு கேட்டா, கோட் ஓடர் கொண்டு வாங்க எண்டு பதில். அதாவது எடுத்தது அவங்க, ஆனா லோயருக்குக் காசு குடுத்து வழக்குப் போட்டு ஓடர் எடுக்க வேண்டியது இவர். வருஷக்கணக்கா இழுபட்டுது. ஏசிஎல்யூவின்ட ரோட் ஐலண்ட் கிளை அவருக்காக வழக்குப் போட்டு, 2016 இல மத்திய நீதிமன்றம், கோட் ஓடர் இல்லாம தர மாட்டம் எண்டு வச்சிருந்தது அரசியலமைப்புக்கு மாறு எண்டு சொல்லிச்சு.

எனக்கு கனிக்லியா கேஸவிட இதுதான் முக்கியம். ஏனெண்டா இங்க நடக்கிறது அப்படியே இந்த மாதிரி.

புயல் வந்தப்ப துவக்கு பறிச்ச கதை எண்டு சொல்லுறாங்களே, அது என்ன?

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல், நியூ ஓர்லியன்ஸ் நகரம் தண்ணிக்குள்ள. கொஞ்ச நாளில நகரப் பொலிஸ் தலைவர், இனி ஆயுதம் பொலிஸிட்ட மட்டும்தான் இருக்கலாம் எண்டு அறிவிச்சார். பொலிசும் படையும் வீடு வீடாப் போய் சட்டப்படி வச்சிருந்த துவக்குகளையும் எடுத்தாங்க, கன பேருக்கு துண்டு ஒண்டும் குடுக்கல. ஒரு வயசான அம்மாவ அவட வீட்டுக்குள்ளயே பொலிஸ்காரர் பாய்ஞ்சு விழுத்தினது ரீவியில போச்சு.

துவக்கு உரிமைக்காக நிக்கிற நஷனல் ரைஃபிள் அசோசியேஷனும் செக்கண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷனும் வழக்குப் போட, செப்டம்பர் 23 ஆம் திகதி மத்திய நீதிமன்றம் பறிக்கிறத நிப்பாட்டச் சொல்லிச்சு. நகர நிர்வாகம் முதல் நாங்க அப்பிடி எடுக்கவே இல்ல எண்டுது. 2006 இல பார்த்தா ஆயிரத்துக்கு மேல துவக்கு அவங்கட கையில இருந்திருக்கு. 2006 இல காங்கிரஸ், அதான் அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் கொண்டுவந்து, பேரிடர் நேரத்தில சட்டப்படியான துவக்கப் பறிக்க ஏலாது எண்டு ஆக்கிச்சு. வழக்கு 2008 இலதான் இணக்கத்துக்கு வந்தது.

இப்ப யோசிச்சுப் பாருங்க, திரும்ப எடுக்கிறதெண்டா உங்கடதுதான் எண்டு நிரூபிக்கணும், ஆனா பில்லு, பத்திரம் எல்லாம் வெள்ளத்தில போயிட்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிண்ணியாவிலயும் மூதூரிலயும் ஐடென்ரிகாட்டும் காணி உறுதியும் இல்லாம எங்கட சனம் ஒவ்வொரு கந்தோரா அலைஞ்சத நாங்க பார்த்தது. எல்லாம் போன ஆளிட்டயே ஆதாரம் கேட்டா அவர் எங்க போவார்?

அப்ப ஏசிஎல்யூ துவக்குக்கு ஆதரவான அமைப்பா?

இல்ல. தனிமனுசனுக்கு துவக்கு வச்சிருக்க உரிமை இருக்கு எண்டு 2008 இல ஹெல்லர் கேஸில வந்த தீர்ப்பையே அவங்க ஏத்துக்கொள்ளல. ஆனா 2016 இல, விமானத்தில ஏறக்கூடாது எண்ட லிஸ்டில பேர் இருந்தா துவக்கும் வாங்க ஏலாது எண்டு சட்டம் கொண்டுவரப் பார்த்தப்ப எதிர்த்தாங்க, அந்த லிஸ்டே பிழையான லிஸ்ட், யார் ஏன் அதில எண்டு ஒருத்தருக்கும் தெரியாது எண்டு. பேர் லிஸ்டில வந்தா என்னாகும் எண்டு எங்கட ஊர் ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல. 2024 இல நஷனல் ரைஃபிள் அசோசியேஷன்ட பேச்சுரிமை வழக்கயே ஏசிஎல்யூ லோயர் உச்ச நீதிமன்றத்தில வாதாடினார், அதுவும் ஒன்பதுக்கு சைபர்.

இது காசுக்காரன்ட பிரச்சினை இல்லையா?

இல்ல. நியூயோர்க்கில ஏழைகளுக்கு இலவசமா வாதாடுற அரச லோயர்மார், பிளக் அற்றோனீஸ் ஒஃப் லீகல் எய்ட், ப்ரொங்ஸ் டிஃபெண்டர்ஸ் மாதிரி ஆக்கள், வெளியில துவக்கு கொண்டுபோக விசேஷ காரணம் காட்டணும் எண்ட நியூயோர்க் லைசென்ஸ் சட்டத்த 2022 இல உச்ச நீதிமன்றம் செல்லாது எண்டு சொன்ன ப்ரூவன் கேஸில துவக்குக்காரர் பக்கம் நிண்டாங்க. அவங்க சொன்னது, லைசென்ஸ் சட்டம் எல்லாருக்கும் எண்டாலும் பிடிபட்டு மறியலுக்குப் போறது கறுப்பினச் சனமும் லத்தீன் அமெரிக்கச் சனமும்தான் எண்டு. அந்தத் தீர்ப்பு போன தூரம் எனக்குச் சம்மதமில்ல, லைசென்ஸ் இறுக்கமா இருக்கணும் எண்டதுதான் என்ட எண்ணம். ஆனா ஒரு சட்டம் யார்ர கழுத்தில விழுகுது எண்டு பார்க்கச் சொன்னது நியாயம்.

அங்க உரிமை அரசியலமைப்பிலயே இருக்கு. இங்க?

இங்க இல்ல. 1978 அரசியலமைப்பில துவக்கு வச்சிருக்க உரிமை இல்ல, சொத்துரிமைகூட அடிப்படை உரிமையா இல்ல. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி லைசென்ஸ் எண்டது அரசாங்கம் தாற அனுமதி, நிபந்தனையோட. அதனால அமெரிக்க வாதத்த அப்படியே இங்க கொண்டுவந்து வைக்க ஏலாது.

ஆனா இருக்கிறது என்ன? 12(1) உறுப்புரை, சட்டத்தின் முன்னால எல்லாரும் சமம், அதிகாரி தன்ட எண்ணத்துக்கு ஒண்டச் செய்ய ஏலாது எண்டதுக்கு நீதிமன்றங்கள் பிடிக்கிறது இதத்தான். அதோட 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவு. களவெண்டோ குற்றத்தோட சம்பந்தமெண்டோ சந்தேகப்பட்டு பொலிஸ் கைப்பற்றின சொத்த உடனடியா நீதவானுக்கு அறிவிக்கணும், நீதவான் அத உரியவரிட்டக் குடுக்கிறதப் பற்றி கட்டளை போடுவார். திரும்ப வாசியுங்க. அறிவிக்க வேண்டியது பொலிஸ். நோர்த் ஸ்மித்ஃபீல்ட் மனுசன் எட்டு வருஷத்துக்குப் பிறகு தீர்ப்பில கண்டத எங்கட சட்டம் 1979 லயே எழுதி வச்சிருக்கு. எழுதினது எழுதினபடி நடக்கிறதில்ல, அதுதான் பிரச்சினை.

பயிர்க்காவல் துவக்குக்கு லைசென்ஸ் எங்க?

மாவட்டச் செயலகம், அதான் கச்சேரி. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். தனிப்பட்ட பாதுகாப்புக்கு எடுக்கிற துவக்கு பாதுகாப்பு அமைச்சோட அலுவல்.

பொலிஸ் வந்து எடுக்கேக்க அந்த இடத்தில நான் என்ன செய்யணும்?

முதல், தடுக்காதீங்க, இழுபறிப்படாதீங்க, துவக்க நீங்க கையில தூக்கிக் குடுக்கவும் வேணாம், இருக்கிற இடத்தக் காட்டுங்க. குண்டு போட்டிருக்கா இல்லையா எண்டு சொல்லுங்க.

பிறகு துண்டு கேளுங்க. துண்டில என்ன இருக்கணும் எண்டா, துவக்கின்ட வகை, குழலடியில வெட்டியிருக்கிற தொடர் இலக்கம், எத்தனை தோட்டா எடுத்தது, பிடியில வெடிப்பு, துரு ஏதும் இருந்தா அது, திகதி, நேரம், எடுத்த ஆளின்ட பேர், பொலிஸ் இலக்கம், ஸ்டேஷன். துவக்கு எண்டு மட்டும் எழுதின துண்டு பிரயோசனமில்ல, ஸ்டோரில கிடக்கிற எல்லாமே துவக்குத்தான். லைசென்ஸின்ட ஒரிஜினலக் கேட்டா அதையும் துண்டில எழுதச் சொல்லுங்க, போட்டோ எடுத்து வையுங்க. இப்பவே, ஒண்டும் நடக்க முதலே, துவக்கையும் தொடர் இலக்கத்தையும் லைசென்ஸையும் போனில போட்டோ எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்க.

வாக்குமூலம் எடுத்தா தமிழில எழுதச் சொல்லுங்க. வடக்கு கிழக்கில தமிழ் நிர்வாக மொழி, 22 ஆம் உறுப்புரை. விளங்காத மொழியில எழுதினதுக்கு கீழ கையெழுத்து வைக்காதீங்க. வயசானவங்க பயத்தில வச்சிட்டு வந்து, பிறகு என்ன எழுதியிருக்கு எண்டு வீதியில போறவனிட்டக் கேக்கிற நிலமை இன்னும் இருக்கு, எனக்கு இதில வாற கோவம் வேற ஒண்டிலயும் வாறதில்ல.

துண்டு தர மாட்டம் எண்டா?

சண்டை பிடிக்க வேணாம். அண்டைக்கே நடந்தத ஒரு கடிதமா எழுதி ஓஐசிக்கு, அதான் ஸ்டேஷன் பொறுப்பதிகாரிக்கு, ரெஜிஸ்டர் தபால்ல போடுங்க, தபால் துண்ட பத்திரமா வையுங்க. பிறகு வாயால எடுக்கல எண்டு சொல்ல ஏலாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, எந்த அதிகாரத்தில எடுத்தீங்க, நீதவானுக்கு அறிவிச்சீங்களா, என்ன இலக்கம் எண்டும் கேக்கலாம், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்.

மாசக்கணக்கா "நாளைக்கு வாங்க" எண்டுறாங்க. என்ன வழி?

எனக்குத் தெரிஞ்ச ஒரு விவசாயி, பெரும்போகம் குடலைப் பருவத்தில நிக்கேக்க, பக்கத்து வெட்டையில ஆரோ வெடி வச்சதுக்கு இவர்ர துவக்க சோதிக்கிறதுக்கு எண்டு எடுத்தாங்க. பன்றி வயலக் கிண்டுது, இவர் பரணில ரோச் லைட்டும் தகரமும் வச்சு இரவிரவா தட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்டேஷனுக்குப் போனா ஐயா இல்ல, ஐயா இருந்தா ஃபைல் இல்ல. கடைசியில ஒரு லோயர் நீதவான் கோட்டில மோஷன் போட்டு, 431 இன் கீழ அறிக்கை எங்க எண்டு கேட்ட பிறகுதான் அலுவல் அசைஞ்சுது. துவக்கு வந்தது. வயல் அறுவடை முடிஞ்சிட்டுது.

அதனால அலையாதீங்க. ஒண்டு ரெண்டு தரம் கேட்டும் பதில் இல்லையெண்டா நேர நீதவான் கோட்டுக்கு லோயரோட போங்க. வழக்கு ஏதும் இருந்து துவக்கு சான்றுப்பொருளா இருந்தா வழக்கு முடியும்வரை கோட் வச்சிருக்கலாம், அது நியாயமான காரணம், ஆனா அதக்கூட யாரோ உங்களுக்கு வாயத் திறந்து சொல்லணும்.

அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா?

போடலாம், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையில, கொழும்பு உயர் நீதிமன்றத்தில, அதான் எங்கட சுப்ரீம் கோட்டில. ஆனா ஒரு மாசத்துக்குள்ள. இதுலதான் கன பேர் கோட்டை விடுறாங்க. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது எண்டு 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்லுது. ஆணைக்குழுவின்ட பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலயே இருக்கு, முறைப்பாட்டுக்குக் காசு இல்ல. பொலிசின்ட நடத்தையப் பற்றி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

லோயருக்குக் காசில்ல.

சட்ட உதவி ஆணைக்குழுவின்ட கிளை திருமலையில இருக்கு. வருமானத்தப் பார்த்து எடுப்பாங்க.

லைசென்ஸ் புதுப்பிக்க மறந்திட்டன், இப்ப எடுத்திட்டாங்க.

புதுப்பிக்காத துவக்கு சட்டத்துக்கு லைசென்ஸ் இல்லாத துவக்குத்தான். லோயர் இல்லாம வாக்குமூலம் குடுக்கப் போகாதீங்க. முந்தின வருஷத்துத் துண்டுகள் எல்லாத்தையும் தேடி எடுங்க, மறந்ததா மறைச்சதா எண்டதுக்கு அதுதான் சாட்சி.

இடியன் துவக்கு (லைசென்ஸ் இல்லாத நாட்டுத்துவக்கு), கட்டுத்துவக்கு (மிருகம் வாற பாதையில பொறியாக் கட்டி வைக்கிறது)?

இந்த விஷயத்தில நான் பொலிஸ் பக்கம். கட்டுத்துவக்கு பன்றியா, யானையா, விறகு பொறுக்கப் போற பொம்பிளையா எண்டு பார்க்காது. எடுக்கத்தான் வேணும். ஆனா பிடிபட்டவனுக்கும் உரிமை இருக்கு, ஏன் பிடிக்கிறம் எண்டு சொல்லணும், 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டு போகணும், அடிக்க ஏலாது. துவக்கு பிழை எண்டதால அடி சரியாகாது.

யானைக்குச் சுடலாமா?

ஏலாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள் சட்டம் யானைய பாதுகாக்குது, லைசென்ஸ் இருந்தாலும் பெரிய குற்றம், துவக்கும் போகும் நீங்களும் போவீங்க. யானைய விரட்ட சத்தம் போடுற யானை வெடிதான்.

அமைச்சு கூப்பிட்டு ஒப்படைக்கச் சொன்னா அதுவும் பறிமுதலா?

2024 இல பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்கு குடுத்த துவக்குகள தற்காலிகமா ஒப்படைக்கச் சொல்லி நவம்பர் 7 எண்டு திகதி போட்டுது, பிறகு நீடிச்சுது. அது நிர்வாக முடிவு, 431 அதுக்குப் பொருந்தாது. திரும்பத் தர மறுத்தா காரணத்த எழுத்தில கேக்கணும், தேவையெண்டா மேன்முறையீட்டு நீதிமன்றத்தில ரிட் மனு, அதாவது அதிகாரியின்ட முடிவ கோட் பார்த்து மாத்தச் சொல்லுற மனு. மீள ஆராயுறது அரசாங்கத்தின்ட கடமை எண்டுதான் நான் நினைக்கிறன், இவ்வளவு துவக்கு இவ்வளவு பெரிய ஆக்களிட்ட ஏன் எண்ட கேள்வி சரியான கேள்வி. ஆனாலும் குடுத்தவருக்குத் துண்டு வேணும்.

வீட்டில புருஷன் துவக்கக் காட்டி மிரட்டுறார். அவருக்கும் இதெல்லாம் சொல்லுவீங்களா?

முதல் துவக்க எடுக்கணும், உடனே, அதில ரெண்டாம் பேச்சில்ல. தங்கச்சி, 119 க்கு அடியுங்க, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைச் சட்டத்தில நீதவானிட்ட இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். அமெரிக்காவிலயும் 2024 ஜூன்ல ரஹிமி கேஸில, தனக்கு எதிரா பாதுகாப்புக் கட்டளை இருக்கிறவனிட்ட துவக்கு இருக்கக்கூடாது எண்ட சட்டம் செல்லும் எண்டு எட்டுக்கு ஒண்டு எண்டு தீர்ப்பு. நீதவான் கேட்டு, ரெண்டு பக்கமும் பேசி, கட்டளை போட்டு எடுக்கிறதும், ஒருத்தருக்கும் சொல்லாம எடுத்து ஸ்டோரில போடுறதும் ஒண்டில்ல. நான் முதலாவதக் கேக்கிறன்.

இவ்வளவு சாவு பார்த்த ஊரில துவக்குக்காரனுக்கு ஏன் பரிஞ்சு பேசுறீங்க?

2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில அஞ்சு மாணவர்மார சுட்டுக் கொன்ற ஊர் இது. துவக்க விரும்பிற ஒரு ஆளையும் எனக்குத் தெரியாது, நானும் விரும்பேல்ல. ஆனா அந்தக் கொலைக்கு இன்னும் ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. ஆயுதம் வச்சிருக்கிற அரசாங்கம் தன்ட செயலுக்கு எழுத்தில பதில் சொல்லணும் எண்டு இந்த ஊர் கேக்காட்டி வேற எந்த ஊர் கேக்கும்? தம்பலகாமத்து விவசாயிக்கு ஒரு துண்டு கேக்கிறதும் அதே கேள்விதான், சின்ன அளவில.

துவக்கத் திருப்பித் தாறாங்க. கையெழுத்து வைக்க முதல் என்ன பார்க்கணும்?

தொடர் இலக்கத்த உங்கட போட்டோவோட ஒப்பிடுங்க. குழலைத் திறந்து வெளிச்சத்துக்குப் பிடிச்சு உள்ள பாருங்க, கடற்காத்து ஊரில எண்ணெய் இல்லாம மாசக்கணக்கா கிடந்தா உள்ளுக்க துரு பொருபொருவெண்டு நிக்கும், அப்பிடிக் குழலால சுட்டா வெடிச்சு முகத்தில அடிக்கும். துரு, வெடிப்பு, காணாமப் போன தோட்டா எல்லாத்தையும் பாரமெடுக்கிற என்ட்ரியில எழுதச் சொல்லி, அதுக்குக் கீழ கையெழுத்து வையுங்க. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" எண்டு முதலே எழுதி வச்சிருந்தா அத வெட்டச் சொல்லுங்க. லைசென்ஸ் ஒரிஜினலையும் கையோட வாங்குங்க, அது இல்லாம துவக்கோட றோட்டால வந்தா அடுத்த செக்பொயிண்டில திரும்பவும் எடுப்பாங்க.